வாசலில் நின்ற முருங்கை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது, புழுக்களுக்கும் இருந்தது. முருங்கை அப்போது வீட்டு வாசலில்தான் நின்றது. வருகிறவர்கள் அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றுவார்கள். மாப்பிள்ளை வந்தாலும் மாட்டு வியாபாரி வந்தாலும் முதலில் "வாங்க" என்பது முருங்கைதான். அதில் அதற்கு ஒரு பெருமை. இருக்காதா பின்னே? அப்படியொரு வரவேற்பு இனி எந்த வாசலிலும் கிடைக்காது. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் சடையன், அவன் மனைவி மூக்காயி, நாலு மாதப் பெண் குழந்தை என்று மூன்று பேர். மூக்காயி ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு அவள் அப்பா தன் கம்பளியையே சீதனமாகக் கொடுத்தார். முரட்டுக் கம்பளி. போர்த்தினால் குளிர் அண்டாது, ஆனால் முதுகில் குத்தும்.

ஓர் ஐப்பசி அடைமழையில் ஒரு கூட்டம் புழுக்கள் முருங்கைப் பட்டையில் ஒண்டிக்கொண்டு நடுங்கின. அந்நாளில் அவற்றின் உடம்பில் ஒரு மயிர் கிடையாது.

"தாயி, என்னைய நம்பி வந்ததுக. வெறும் உடம்பா நடுங்குதுக. ஏதாச்சும் இருந்தாக் குடு" என்று முருங்கை மூக்காயியிடம் கேட்டது.

அவள் யோசிக்கவே இல்லை. கம்பளியில் ஒரு முழம் கிழித்து மரத்தில் சுற்றினாள். புழுக்கள் அதை இழை இழையாகப் பிரித்து உடுத்திக்கொண்டு, "மகராசி, நல்லாருப்ப" என்றன.

மழை விட்டு நாலு வெயில் அடித்ததும் குழந்தையின் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. ஓயாத அரிப்பு. பாலுக்கு வாய் வைக்கும், உடனே விட்டுவிட்டு வீரிட்டு அழும். பத்து நாளில் பிள்ளை பாதியாகிப் போனது.

"கத்தரிக்கா தின்னியா புள்ள? தாய் தின்னது பால்ல எறங்கும்" என்றான் சடையன்.

கத்தரிக்காய் நின்றது. கருவாடு நின்றது. குளத்துத் தண்ணீரை விட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். கண்ணேறாக இருக்குமோ என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி ஏறி மூன்று பேரும் இருமியதுதான் மிச்சம். கத்தரிக்காய் பாவம், அன்றைக்குச் சுமந்த பழியை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. மூன்று நாள் துணியெல்லாம் அடுப்படிக் கொடியில் காய்ந்தது. தடிப்பு அடங்கி, குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. வெயில் வந்ததும் தூளிச்சேலை வாசல் கொடிக்குப் போனது. அன்று மாலையே மறுபடியும் அழுகை. வாசல் கொடியின் ஒரு முனை முருங்கையில் கட்டியிருந்தது.

மூக்காயி தூளிச்சேலையை அவிழ்த்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நெடுக மெல்லிய மயிர் ஒட்டியிருந்தது. தடவினாள், விரலில் குத்தியது. அந்தக் குத்தல் அவளுக்குப் பழக்கமானது. பிறந்த வீட்டுக் கம்பளி.

"அக்கா, இது ஒனக்குத் தெரியுமா?" என்று முருங்கையைக் கேட்டாள்.

முருங்கை வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டது. சொன்னால் வாசல் போய்விடும். உள்ளே குழந்தை அழுதது. அந்தக் குழந்தைக்கு முதல் வெயில் காட்டியது தன் நிழலோரத்தில்தான் என்று அதற்கு நினைவு வந்தது.

"தெரியும் தாயி. காத்தடிச்சா புழுவுக மயிரு உதிர்ந்து கொடியில விழும். சொன்னா வாசல்ல வச்சிருக்க மாட்டியேன்னு வாய மூடிட்டேன். தப்புத்தான்."

சடையன் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தான். "அத்தனையையும் பொசுக்கிப்புடுறேன்."

"யாரப் பொசுக்குவீக? கம்பளி குடுத்தது நானு" என்று மூக்காயி குறுக்கே நின்றாள். அவன் பந்தத்தைத் தாழ்த்தினான்.

முருங்கை சொன்னது: "மொதல்ல என் எலையக் கசக்கிச் சாறெடுத்துப் பிள்ளைக்குத் தடவு. என்னால வந்தது என்னாலயே போகட்டும். அப்புறம் என்னைய ஒடிச்சு, ஒரு கெளையப் போத்தாக் கொல்லையில நட்டுரு. அடிமரத்த வெட்டிரு. புழுவுக எம்பின்னால வந்துரும். அதுகளுக்கும் வேற யாரு இருக்கா?"

சாறு தடவிய கொஞ்ச நேரத்தில் குழந்தை அரிப்பை மறந்து மார்பில் முகம் புதைத்துக் குடித்தது. மறுநாள் காலையில் மூக்காயி முருங்கையை ஒடித்தாள். ஒடிக்கும்போது அவள்தான் அழுதாள், முருங்கை அழவில்லை. "வாசக்கதவத் தெறந்தே வையி தாயி" என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

அன்று முதல்தான் முருங்கை கொல்லையில் நிற்கிறது. கம்பளிப்பூச்சிகள் அதன் பட்டையை விட்டுப் போவதில்லை. அதன் அடியில் யாரும் துணி காயப்போடுவதுமில்லை. எத்தனை முறை ஒடித்துவிட்டாலும் அது மளமளவென்று கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கிறதே, வேறெதற்கும் இல்லை, வாசலுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.