அளத்து வெயிலுமுத்தனாரின் அர்ச்சனை

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளி. அங்கே கரிச்சான்துறை என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றால் நாற்பது குடிசையும் ஒரு டீக்கடையும்தான். மற்றதெல்லாம் உப்புப் பாத்தி. அந்த அளத்தில் உப்பு வாரிப் பிழைத்தவர் வெயிலுமுத்தனார். விடிவதற்கு முன்பே வாருபலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாத்தியில் இறங்குவார். கணுக்கால் வரை உப்புநீர். பாதம் இரண்டிலும் வெடிப்பு இல்லாத இடம் கிடையாது. ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிய வேண்டாம்; அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

அளத்தின் நடுவில் நான்கு வரப்பும் கூடுகிற இடத்தில் ஒரு லிங்கம் உண்டு. கூரை இல்லை, குருக்கள் இல்லை. அலைகாத்தநாதர் என்று பெயர். எவ்வளவுதான் துடைத்து வைத்தாலும் மறுநாள் காலையில் அதன் மேல் உப்பு பூத்து நிற்கும். உச்சி வெயிலில் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். காற்றே அசையாத நேரத்தில் அங்கே யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது என்பார்கள். வெயிலுமுத்தனாரும் அதைக் கேட்டிருக்கிறார். மூச்சு விடுகிற சாமி பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்றாடம் அவர் செய்த பூசை இதுதான். தோள் துண்டால் லிங்கத்தைத் துடைப்பார். நல்ல தண்ணீர் அந்த ஊரில் எளிதில் கிடைக்காத பொருள். தம் பங்கில் ஒரு கை எடுத்து ஊற்றுவார். பூவுக்கு எங்கே போவது? ஒரு பிடி உப்பை எடுத்து, ஒரு சிட்டிகைக்கு ஒரு பெயராகச் சொல்லி அர்ச்சனை செய்வார். அது சாமியின் பெயர் அல்ல. "வேலாண்டி மகன் கொம்பையா, போற்றி. இசக்கி மகள் பேராச்சி, போற்றி." இப்படியே போகும்.

இதற்குக் காரணம் உண்டு. அளத்து முதலாளி, சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆளை விரட்டிவிடுவார். விரட்டப்பட்டவரைச் சுற்றுவட்டத்தில் எந்த அளமும் சேர்க்காது. ஆனாலும் குடிக்கத் தண்ணீரும், ஒதுங்க ஒரு கொட்டகையும், காலுக்கு ரப்பர் பூட்சும் கேட்டே தீருவது என்று ஜனங்கள் ஒரு வருடம் துணிந்தார்கள். வெயிலுமுத்தனாரைத் தலைவராக்கினார்கள். தலைவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் பெயர் ஏறினால் ஆபத்து என்று மற்றவர்களுக்கும் பயம். "நானே எல்லார் பேரையும் மனசுல வச்சிக்கிடுதேன்" என்றார் அவர். மனசு மறந்துவிடக் கூடாதே என்று சாமி முன்னால் தினமும் சொல்லத் தொடங்கினார். கோயில் அர்ச்சனையில் பெயரோடு நட்சத்திரம் சொல்வது வழக்கம். இவர்களில் யாருக்கு நட்சத்திரம் தெரியும்? அந்த இடத்தில் தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

மொத்தம் அறுபத்து மூன்று பேர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எண்பத்தேழு பேர். அடியார் கதையில் பொய் எழுதக் கூடாது.

இரண்டு பக்கமும் அவருக்குக் கேலிதான் கிடைத்தது. திருநீறு பூசியவர்கள், சிவப்புக் கொடி பிடிக்கிறவனுக்குச் சாமி ஒரு கேடா என்றார்கள். டவுன் சங்க ஆபீசிலிருந்து வருகிற பரமார்த்தலிங்கம் நல்ல மனுஷர், நாலு முறை ஜெயிலுக்குப் போனவர். அவர்கூட ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க சங்கத்த நம்புதீயளா, சாமிய நம்புதீயளா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஒரே பாத்தியிலதான தோழர் நிக்காவ" என்றார் வெயிலுமுத்தனார். பரமார்த்தலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

துக்கமும் வந்தது. அவருடைய மனைவி சந்தனமாரியும் சிறு வயது முதல் அளத்தில் உப்பு சுமந்தவர். வெயிலில் மின்னும் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, நாற்பது வயதுக்குள் கண் இரண்டும் மங்கி, பிறகு முழுவதுமாகப் போய்விட்டது. மற்றவர்களாக இருந்தால் சாமியைத் திட்டியிருப்பார்கள். இவர் மறுநாள் காலையில் வழக்கம்போல லிங்கத்தைத் துடைத்தார். துடைக்கும்போது அழுதார், அவ்வளவுதான். எண்பத்தேழு பெயரில் ஒன்றுகூட விடவில்லை.

வேலைநிறுத்தம் வந்தது. முதலாளி அளத்தைப் பூட்டி, வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார். அந்த ஆட்கள் இரண்டே நாளில் மூட்டையைக் கட்டினார்கள். காரணம் மெல்லத்தான் வெளியே வந்தது. நடுப்பகலில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, ஆளில்லாத பாத்தியில் உப்பு வாருகிற சத்தம் கேட்டதாம். வரட், வரட் என்று, நிதானமாக, பழகின கை வாருகிற மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தால் தண்ணீர் கலங்கியிருக்கிறது, ஆள் இல்லை. கங்காணியே அந்தக் கலங்கலைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் முதலாளி தண்ணீருக்கும் கொட்டகைக்கும் சம்மதித்தார். பூட்சைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

பிறகு பார்க்கக் காலம் விடவில்லை. நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. அடுத்த தை மாதத்தில் மாநில ஆட்சியும் கலைந்தது. கூட்டம் கூடாது, கொடி கூடாது. யாரை வேண்டுமானாலும் விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். முதலாளிக்குத் தைரியம் திரும்பியது. வேலைநிறுத்தத்தில் அளமே திரண்டு நின்றதால் சங்கத்து ஆட்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியாது; ஒரு பட்டியல் கிடைத்துவிட்டால் போதும். எண்பத்தேழு பேரையும் குடும்பத்தோடு ஒரே வாரத்தில் ஊரைவிட்டுத் துடைத்துவிடலாம். அந்தப் பட்டியலோ ஒரே ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் குடிசைக்குள் நுழைந்தார்கள். சந்தனமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எத்தன பேரு வந்திருக்காவ?" என்று கணவரிடம் கேட்டார்.

"அஞ்சு பேரு."

"இல்லய. ஒங்க மூச்சு போக ஆறு மூச்சு கேக்கு. ஒருத்தரு ஒங்க தோளுக்குப் பக்கத்துல நிக்காரு."

வெயிலுமுத்தனார் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது என்று, உடன் வந்திருந்த ஏட்டு தளவாய் பிற்காலத்தில் சொல்லுவார். கண்ணில்லாத அந்த அம்மாள் கணவருடைய கையைத் தடவிப் பிடித்து, அழாமல், ஒன்றே ஒன்று சொன்னார். "பேரச் சொல்லிராதிய."

மூன்று நாள் ஸ்டேஷனில் என்ன செய்தார்கள் என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. வெயிலுமுத்தனார் வாய் திறக்கவில்லை. காலில் இருந்த வெடிப்புகள் சீழ் பிடித்துக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. நான்காம் நாள் உச்சிப்பொழுதில் நினைவு தப்பிவிட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

ஏட்டு தளவாய் பக்தியுள்ளவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் தொப்பி வைக்காதவர். சாகப்போகிற மனிதரைப் பார்த்து அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை. தண்ணீர் எடுத்து வந்து உதட்டில் விட்டார். காதோடு குனிந்தார்.

"அண்ணாச்சி, சாமி பேரச் சொல்லுங்க. அவன் பாத்துக்கிடுவான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். வேறு எந்தப் பக்தராக இருந்தாலும் சிவ சிவ என்றிருப்பார். இவருக்கோ வருடக்கணக்காகச் சாமி முன்னால் சொல்லிப் பழகிய அர்ச்சனை வேறாயிற்றே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும், வறண்ட உதடு தானாக அசைந்தது.

"வேலாண்டி மகன் கொம்பையா, போற்றி. இசக்கி மகள் பேராச்சி, போற்றி..."

ஏட்டு பதறிப்போய் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து நின்றுவிட்டார். ஏதோ மந்திரம் என்று எண்ணி ஒரு நிமிடம் அலட்சியமாகக் கேட்டவர், பிறகு ஏட்டின் கையைத் தட்டிவிட்டார். காகிதத்தையும் பேனாவையும் மேசையில் வைத்து, எழுதச் சொன்னார். பெயர் ஒரு கட்டம், தகப்பன் பெயர் ஒரு கட்டம். மயக்கத்தில் அர்ச்சனை மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கியது.

தளவாய் எழுதினார். இன்ஸ்பெக்டர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே காற்று நின்றுபோயிருந்தது. சன்னல் சாத்தியிருந்தும் அறைக்குள் உப்புநீர் வாடை ஏறியது. எண்பத்தேழாவது போற்றியோடு குரல் ஓய்ந்தது. தளவாய் நிமிர்ந்து பார்த்தபோது, தரையில் ஈரக் காலடிகள் தெரிந்தன. வாசலிலிருந்து மேசை வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. பார்க்கப் பார்க்க ஈரம் காய்ந்து, ஒவ்வொரு தடமும் வெள்ளையாகப் பூத்தது. இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பட்டியலை அவசரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அரைமணி நேரத்தில் வெயிலுமுத்தனாருக்கு நினைவு திரும்பியது. தம் வாயில் இன்னும் ஒட்டியிருந்த போற்றியைத் தாமே உணர்ந்தார். ஏட்டின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டனா?"

தளவாய் தலைகுனிந்தார்.

மூன்று நாள் அடிக்கு அழாத மனிதர் அப்போது அழுதார். தரையில் தலையை மோதி மோதி அழுதார். எண்பத்தேழு பேர் அடுப்பையும் அணைத்துவிட்டேனே, உன் பெயர் என்று நினைத்து உன்னிடம் சொன்னதை இவர்களிடம் சொல்லிவிட்டேனே என்று அலைகாத்தநாதரிடம் முறையிட்டார். தளவாயும் சேர்ந்து அழுதார். சாமி பெயரைச் சொல்லச் சொன்ன பாவி நான்தானே என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஆகும் முன்பே ஜீப் திரும்பி வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டரின் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. முதலாளி பங்களாவில் பட்டியலைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். ஏட்டு வேண்டுமென்றே விளையாடிவிட்டார் என்று முதலாளி குதித்தாராம். ஆனால் தம் கண் முன்னால்தான் அது எழுதப்பட்டது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். கொம்பையா என்ற பெயரை எழுதும்போதே பார்த்தவர் அவர். காதில் கேட்ட பெயர்களில் ஒன்றையாவது நினைவுபடுத்திச் சொல்ல அங்கேயே முயன்றிருக்கிறார். வாயைத் திறந்தால் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்ததாம். காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் குவாட்டர்சுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தளவாய் எடுத்துப் பார்த்தார். தம் கையெழுத்துதான். காகிதம் முழுக்க உப்பு பொரிந்து கரகரத்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெயிலுமுத்தனாருக்கு மூச்சு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கேளுங்க. மொத வரி, அலைகாத்தநாதன். ரெண்டாவது வரி, அலைகாத்தநாதன். எண்பத்தேழு வரியும் அந்த ஒரே பேருதான். வேற ஒருத்தர் பேரும் இல்ல."

வெயிலுமுத்தனார் நம்பாமல் பார்த்தார். உதடு அசைந்தது. தளவாய் காதை வைத்துக் கேட்டார்.

"தகப்பன் பேரு?"

"ஒண்ணும் எழுதல. வெறுங்கட்டம்."

ஆதியும் அந்தமும் இல்லாதவனுக்குத் தகப்பன் ஏது? பெரியவருடைய முகம் மலர்ந்தது. தளவாய் காகிதத்தை மடிக்கப்போனவர், அடியில் இன்னொரு வரி இருப்பதைக் கண்டார். எண்பத்தெட்டாவது வரி. அப்படி ஒன்றை அவர் எழுதவே இல்லை. காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தார்.

"கடைசியில ஒங்க பேரு இருக்கு அண்ணாச்சி. வெயிலுமுத்து. தகப்பன் பேரு..."

"சொல்லுங்க."

"அலைகாத்தநாதன்."

வெயிலுமுத்தனார் மெல்லக் கண்ணை மூடினார். பிறகு, பாத்தியில் வேலை முடிந்து கரையேறுகிறவர்கள் சொல்லுகிற அதே தொனியில், "அப்பன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு வேண்டியிருக்கவில்லை.

கரிச்சான்துறையில் ஒரு குடும்பமும் பெயர்க்கப்படவில்லை. சந்தனமாரியிடம் செய்தி சொல்லத் தளவாய் தொப்பியில்லாமல் நடந்தே போனார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டு, காகிதத்தை வாங்கிக் கடைசி வரி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். அங்கே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் உடலை அளத்து வரப்பு வழியாகக் கொண்டுபோனார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று தடை இருந்தது. அதைப் பற்றி எண்பத்தேழு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாரும் பட்டப்பகலில், முகத்தை மறைக்காமல், தங்கள் பெயரையும் தகப்பன் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். ஒரு போலீஸ்காரரும் தடுக்கவில்லை.

தன் பெயரை மறந்து பிறர் பெயரால் பூசித்தவரை, தன் பெயரைக் கொடுத்துப் பிள்ளையாக்கிக்கொண்டது அந்தப் பரம்பொருள். உப்பளத்து வெயிலுமுத்தனாரின் வெடித்த பாதங்களை நாமும் தலையில் வைத்துக்கொள்வோம்.