ஆவுடைத்தங்கம் கேட்ட சோப்பு பம்பு

நொச்சிமேடுன்னு ஒரு ஊரு. மேப்புல தேடாதீங்க. மேப்பு போட வந்த ஆபீசரு அந்த ஊர்க்காரன் ஒருத்தன்கிட்ட வழி கேட்டாரு. இன்னும் போய்க்கிட்டே இருக்காருன்னு பேச்சு.

அந்த ஊர்ல அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் கோமதிநாயகம், நடுவுலவன் சங்கிலி, கடைக்குட்டி பலவேசம். மூணு பேர்ல அறிவாளி கோமதிதான். இதை ஊரு ஒத்துக்கலை, கட்டுன பொண்டாட்டியும் ஒத்துக்கலை. தம்பிங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள மெஜாரிட்டி இருந்தாப் போதும்னு கோமதி விட்டுட்டான்.

பொண்டாட்டி பேரு ஆவுடைத்தங்கம். மூணு பேருக்கும் பொங்கிப் போடுறது அவதான்.

வில்லங்கம் ஒரு தோசையில ஆரம்பிச்சுது. பாத்திரம் தேய்க்கிற பச்சை சோப்பு சிங்க் ஓரத்துல ஒரு கிண்ணத்துல கெடக்கும். தண்ணி பட்டுப் பட்டுக் கூழாகி, பாக்க அசல் புதினாச் சட்னி. ஒரு நாள் காலைல பலவேசம் அதைத் தொட்டு நாலு தோசையை உள்ள தள்ளிட்டான். தள்ளினவன் சும்மா எந்திரிச்சானா?

"மைனி, இன்னைக்குச் சட்னி பிரமாதம். லேசா எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கியளோ?"ன்னு கேட்டான். அவன் பேசப் பேச வாயிலருந்து சோப்பு முட்டை ஒண்ணொண்ணாப் பறந்துது.

ஆவுடைத்தங்கம் அப்பவே பையைத் தூக்கிட்டா.

"இங்க பாருங்க. எங்க அக்கா வீட்ல சிங்க் பக்கத்துல மேடையிலயே துளை போட்டு ஒரு சோப்பு பம்பு வச்சிருக்கா. மேல மூக்கு மாதிரி ஒரு குழாதான் தெரியும். பாட்டில் அடியில அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மேல அமுக்குனா சோப்பு வரும். எந்தப் பயலும் தோசைக்குத் தொட முடியாது. நான் வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸுக்கு வருவேன். அது மாதிரி ஒண்ணு இங்க இருக்கணும். இல்லைன்னா அதே பஸ்ஸு திரும்பும்போது நானும் திரும்பிருவேன். அப்புறம் உங்க பொங்கலு உங்க பாடு."

பம்பை வாங்கியே தீரணும்னு கோமதி முடிவு பண்ணிட்டான். ஏன்னா அன்னைக்கு மத்தியானம் அவங்க பொங்கலை அவங்களே பாத்தாங்க. "அரிசி வெந்ததும் வடிச்சிருடே"ன்னு சங்கிலிகிட்டச் சொல்லியிருந்தான். சங்கிலி சுத்தமா வடிச்சான். சோத்தைக் கோழிக்குக் கொட்டிட்டு, கஞ்சியை இலை போட்டுப் பரிமாறுனான். இலையில நிக்காம அது வாசல் வரைக்கும் போச்சு. மூணு பேரும் பின்னாலயே போனாங்க.

மறுநாள் மூணு பேரும் டவுனுக்குப் பஸ் ஏறி சானிட்டரி சாமான் கடைக்குப் போனாங்க. பஸ்ல இருக்கும்போதே ஆவுடைத்தங்கம் போன்ல ஒரு புத்தி சொன்னா. "கண்டதையும் வாங்கிட்டு வந்துராதீய. எல்லாத்தையும் அமுக்கிப் பாத்து வாங்குங்க."

எல்லாத்தையும் அமுக்குனாங்க. ஃபிளஷ் டாங்க்கை அமுக்குனாங்க. கடையோட காலிங் பெல்லை அமுக்குனாங்க. மேசையில இருந்த கால்குலேட்டரை அமுக்குனதுல கடைக்கார அண்ணாச்சி காலைலருந்து கூட்டி வச்சிருந்த கணக்கு போச்சு. என்னடான்னு எந்திரிச்சு வந்த அண்ணாச்சியோட வயித்தையும் சங்கிலி ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தான்.

"இது மெதுவா இருக்குண்ணே"ன்னான்.

"ஏய், யாருய்யா நீங்கள்லாம்? என்னய்யா வேணும்?"

"சோப்பு பம்பு அண்ணாச்சி. மேடையில துளை போட்டு மாட்டுறது"ன்னான் கோமதி.

"சென்சாரா, மேனுவலா?"

அப்படின்னா என்னன்னு மூணு பேரும் கேட்டாங்க. அண்ணாச்சி நல்ல மனுஷன். விளக்கமாச் சொன்னாரு. "சென்சார்னா, கையை நீட்டுனா அதுவாவே சோப்பு குடுக்கும். பேட்டரி போடணும். மேனுவல்னா பேட்டரி கெடயாது, கரண்டு கெடயாது. கை இருந்தாப் போதும்."

கடை நடுவுலயே மாநாடு கூடிட்டு.

"கேக்காமலே குடுக்குமாம்லா"ன்னான் சங்கிலி. "கேக்காமக் குடுக்கிறவன்ட்ட நான் சவகாசமே வச்சிக்கிடமாட்டேன்."

"பேட்டரி தீந்துட்டா என்ன செய்ய?"ன்னான் பலவேசம். "நம்ம வீட்டுக் கடியாரத்துல பேட்டரி தீந்து தீவாளிக்கு முன்ன இருந்தே காலை பத்து மணியாத்தான் இருக்கு. எனக்கு மத்தியானச் சோறே வரமாட்டேங்கு."

கோமதி தாடியைத் தடவிக்கிட்டுத் தீர்ப்பு சொன்னான். "மேனுவல்."

அண்ணாச்சி ஸ்டீல்ல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு எடுத்து வச்சாரு. அமுக்கிப் பாத்தாங்க. ரெண்டுலயும் சோப்பு வரலை.

"ரெண்டும் ரிப்பேரு"ன்னான் பலவேசம்.

"உள்ள சோப்பு ஊத்தலையேய்யா!"

"ஊத்தாமலா விக்கீய? எங்க மைனி அமுக்குனா சோப்பு வரும்னுதான சொன்னாவ?"

அண்ணாச்சி தன் பாத்ரூம்ல இருந்து சோப்புத் தண்ணி கொண்டுவந்து ஊத்தி, அமுக்கிக் காட்டி, ஸ்டீல் பம்பைத் தலையில கட்டி அனுப்புனாரு. போகும்போது, "மேடையில துளை போட்டுக்கோங்க. ரெண்டு விரல் நுழையுற அளவு இருந்தாப் போதும்"னும் சொல்லிவிட்டாரு. நல்ல மனுஷன்னு சொன்னேனே, அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனாலதான்.

பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷினை எரவல் வாங்கியாச்சு. கோமதி மேடை மேல வைக்கப் போனான். பலவேசம் கையைப் பிடிச்சிட்டான்.

"அண்ணே, ரெண்டு விரல்னாரு. யாரு விரல்னு சொல்லலியே?"

கோமதி மெஷினைக் கீழ வச்சுட்டான். ஞாயமான கேள்வி. ஒருத்தன் விரலுக்குப் போட்டா மத்தவன் மனசு வருத்தப்படும். நாளைக்குப் பாகப்பிரிவினையில வந்து நிக்கும்.

"ஆளுக்கு ரெண்டு விரல்"ன்னான்.

"அப்ப மைனிக்கு?"ன்னான் சங்கிலி.

கோமதிக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. "ஊர்ல இல்லைன்னாலும் அவளை மறக்கலை பாத்தியா? அவளுக்கும் ரெண்டு சேருடே."

எட்டு விரலும் ஒண்ணா நுழையுற அளவுக்குத் துளை போட்டு முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆயிட்டு. தூசியில மூணு பேரும் பொங்கலுக்கு வெள்ளையடிச்ச மாதிரி நின்னாங்க. சங்கிலி பம்பை எடுத்துத் துளையில வச்சான். அது டமால்னு அடியில அலமாரிக்குள்ள விழுந்துது. பலவேசம் எடுத்துக் குடுத்தான். திரும்ப வச்சான். திரும்ப டமால்.

"வேகமா வேலை செய்யுதுண்ணே"ன்னான் சங்கிலி. "அமுக்கவே வேண்டாம், வச்ச உடனே இறங்குது."

அந்த நேரந்தான் கோமதிக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒருவேளை நமக்கு அறிவு கொஞ்சம் கம்மியோ? தனக்குள்ள வச்சுக்கிட முடியாம தம்பிங்ககிட்டயே கேட்டான்.

"சேச்சே"ன்னாங்க ரெண்டு பேரும்.

நல்லவேளை, சந்தேகம் தீந்துது.

பெரிய பம்பா மாத்தி வாங்கணும்னா துளையோட அளவு வேணும். துளையைக் கழட்டி எடுத்துட்டுப் போக முடியாது. கோமதி தன் வலது கையை உள்ள விட்டுப் பாத்தான். அச்சுல வாத்த மாதிரி இருந்துது. "கையே அளவு. மாறிராம அப்படியே கொண்டுபோயிருவோம்"னு, தூக்குன கையை இறக்காம வியாழக்கிழமை காலைல பஸ் ஏறுனான். கையைப் பாத்த கண்டக்டரு இறங்கணும் போலன்னு விசில் அடிச்சாரு. பஸ் நின்னுச்சு. யாரும் இறங்கலை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாத்தாரு. கை தூக்குனபடி இருந்துது. திரும்ப விசில். டவுனு போய்ச் சேரும்போது கண்டக்டருக்கு மூச்சு வாங்குச்சு.

கடைக்கார அண்ணாச்சி அந்தக் கையைப் பாத்தாரு. ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு.

"இந்த அளவுத் துளைக்கு உலகத்துல எவனும் பம்பு செய்யலைய்யா. அதுல உன் கைதான் சரியா இருக்கும். போ, போய் அதையே மாட்டு!"

வெளிய வந்து மூணு பேரும் யோசிச்சாங்க.

"கோவத்துல சொல்லியிருப்பாரோ?"ன்னான் பலவேசம்.

"கடைக்காரரு தன் சரக்கை விக்காம ஒரு யோசனை சொல்லுதாருன்னா, அது சத்தியமாத்தாம்டே இருக்கும்"னான் கோமதி. "மேனுவல்னா கை இருந்தாப் போதும்னு அன்னைக்கே சொன்னாருல்லா. நமக்குத்தான் புரியலை."

வெள்ளிக்கிழமை காலைலயே கோமதி சிங்க்குக்கு அடியில அலமாரிக்குள்ள ஏறிட்டான். முழங்கால் காதுல இடிக்கி. முதுகுல சிங்க் பைப்பு. வலது கை மட்டும் துளை வழியா மேல போயி, மேடை மேல பூ மாதிரி விரிஞ்சு நின்னுது. சங்கிலி அந்த உள்ளங்கையில சோப்புத் தண்ணியை ஊத்துனான்.

"அண்ணே, மைனி ஒத்தை விரலால அமுக்குவாவ. அமுக்குனதும் கையைச் சாய்ச்சிரணும். முன்னாலயே சாய்ச்சிராத, அப்புறம் அது சென்சாரு ஆயிரும்."

அலமாரிக் கதவைச் சாத்திட்டாங்க. உள்ள இருட்டு. பழைய வெங்காய வாடை. மூக்கு அரிச்சுது, சொறிய இடமில்ல. ஆனாலும் கோமதிக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. 'புருஷன்னு ஒண்ணு இருந்தும் ஒரு பிரயோசனம் கெடயாது'ன்னு ஆவுடைத்தங்கம் வாரத்துல எல்லா நாளும் சொல்லுவா. அவ சொல்லுறதுல தப்பும் இல்ல. இன்னைக்கு மொத மொதலாப் பிரயோசனப்படப் போறோம்.

மத்தியானப் பஸ் வந்துது. செருப்புச் சத்தம் வாசல்ல, முத்தத்துல, அடுப்படியில. கோமதி மூச்சை அடக்கிக்கிட்டான்.

ஆவுடைத்தங்கம் தோள்ல மாட்டுன பையை இறக்கலை. மேடையைப் பாத்தா.

"என்னடே இது?"

"சோப்பு பம்பு மைனி"ன்னான் சங்கிலி. "மேனுவலு. பேட்டரியே வேண்டாம்."

"அக்கா வீட்ல உள்ளது ஸ்டீலு. இதுல முடி மொளச்சிருக்கு?"

"அது பழைய மாடல் மைனி."

"மோதிரம் போட்டிருக்கு?"

பலவேசந்தான் காப்பாத்துனான். "அது கம்பெனி முத்திரை மைனி."

அவ ஒத்தை விரலை நீட்டி உள்ளங்கையை அமுக்குனா. கை மரியாதையாச் சாய்ஞ்சுது. சோப்பு வந்துது. ஒரு டம்ளரைத் தேச்சுக் கழுவுனா. திரும்ப அமுக்குனா, திரும்ப வந்துது. ஒரு சட்டி கழுவுனா.

"சோப்பு வெதுவெதுன்னு இருக்கே?"

"மார்கழிக்கு நல்லாருக்கும் மைனி."

தெரு முக்குல பஸ் திரும்புற ஹாரன் கேட்டுது. பை இன்னும் தோள்லதான் தொங்குது. ஆவுடைத்தங்கம் மூணாந்தடவை அமுக்குனா. வரலை. அழுத்தி அமுக்குனா. ஒரு சொட்டு இல்ல. உள்ள கோமதிக்கு வேர்த்து ஊத்துச்சு. வேர்வையாவது மேல ஏறி வரக்கூடாதான்னு இருந்துது அவனுக்கு.

"நின்னு போச்சே"ன்னா.

"பா... பாட்டில் காலியா இருக்கும் மைனி"ன்னு பலவேசம் உளறிட்டான்.

அவ குனிஞ்சா. அலமாரிக் கதவைத் திறந்தா. உள்ள அவ புருஷன் மடிச்சு வச்ச ஜமுக்காளம் மாதிரி இருந்தான்.

வெளிய பஸ் ஹாரன் இன்னொரு தடவை கேட்டுது. கோமதி வாங்கப்போற ஏச்சுக்குக் கண்ணை மூடிக்கிட்டான்.

"என்னங்க"ன்னா ஆவுடைத்தங்கம். "சோப்பு தீந்துட்டு."

"தெரியும்"ன்னான் கோமதி.

"இதைக் கழட்டித்தான் ரொப்பணுமா, மேல இருந்தே ஊத்திக்கிடலாமா?"

கோமதி கண்ணைத் திறந்தான். நல்லா யோசிச்சான். இம்புட்டு அறிவான கேள்வியை இந்த வீட்ல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

"மேல இருந்தே ஊத்திக்கிடலாம்"ன்னான்.

ஆவுடைத்தங்கம் பையை இறக்கிக் கீழ வச்சா. "அப்பச் சரி. அக்கா வீட்ல உள்ளதை ஒவ்வொரு தடவையும் கழட்ட வேண்டியிருக்கு"ன்னு சொல்லிட்டு, அலமாரிக் கதவைச் சாத்துனா.