எழுபது கிலோ

ஆதிலிங்கம் கணக்கில் புலி. மருந்தளவில் சந்தேகம் வந்தால் அந்த ஆஸ்பத்திரியின் மற்ற நர்ஸுகள் அவனைத்தான் தேடுவார்கள். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

இன்று காலை அந்தப் புலி மருந்து அறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

கொம்பையா இறந்துவிட்டார். காலில் ரத்தம் உறைந்து வந்தவர். உறைந்த கட்டி பெருகாமலிருக்க ஹெப்பாரின் ஏற்றினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை யூனிட் என்று கணக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதித்து அளவைத் திருத்த வேண்டும். மூன்று முறையும் ரத்தம் அளவுக்கு மீறி இளகியிருந்தது. மூன்று முறையும் ஆதிலிங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்கிட்டு, டாக்டரிடம் காட்டிக் குறைத்தான். அப்படியும் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது.

கொம்பையாவின் மனைவி வடிவு, தபீத்தா சிஸ்டர் முன்னாலேயே அவனைக் கும்பிட்டாள்.

"வந்த அன்னைக்கு ஆளுக்குக் காத்திருக்காம, ஒத்தையிலயே தூக்கிக் கட்டில்ல போட்டீங்களே ஐயா. பெத்த புள்ளகூட இப்படிச் செய்யாது."

அந்தக் கும்பிடுதான் அவனை உட்கார வைத்துவிட்டது.

தபீத்தா சிஸ்டர் உள்ளே வந்தார். அவனைவிட நாலு வயது இளையவர். ஆனால் அவனுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"நான் எங்க தப்பு பண்ணுனேன் சிஸ்டர்?"

சிஸ்டர் கணக்குத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. மருந்து ஏற்றும் பம்பின் வேகமும் சரி.

"கணக்குல ஒரு தப்பும் இல்லண்ணே."

"பின்ன ஏன் செத்தாரு?"

சிஸ்டர் ஒரு கசங்கிய சீட்டை அவன் முன்னால் வைத்தார். வடிவின் மஞ்சள் பையில் இருந்தது. பத்து நாளுக்கு முன் ஊர் டாக்டர் எழுதியது. எடை: 48.

ஆதிலிங்கம் தன் தாளைப் பார்த்தான். எடை: 70. மூன்று திருத்தத்தையும் அந்த எழுபதை வைத்தே போட்டிருந்தான்.

"அந்தம்மாதான் எழுபதுன்னாங்க."

"கேட்டேன். மில்லுல வேலை பாக்கும்போது இருந்த எடையாம். கட்டினவரு உருகிட்டாருன்னு தன் வாயால சொல்ல மனசு வரலையாம்."

முங்குகிறவன் துரும்பைப் பிடித்தான்.

"அப்ப ரிப்போர்ட்டுல அப்படியே எழுதிரட்டுமா? மனைவி சொன்ன எடைன்னு?"

"எழுதுங்க."

அவன் எழுதினான். எழுத்து கோணல் மாணலாக வந்தது. நடைக்கூடத்தில் வடிவு ஒப்பாரி வைப்பது கேட்டது. பாதி வரியில் நிமிர்ந்தான்.

"நிறுத்துப் பாக்காம எனக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?"

சிஸ்டர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவரை ஒத்தையில தூக்குனீங்களேண்ணே," என்றார். "கை வலிச்சுதா?"