மூன்று பத்து முதல் மூன்று இருபது வரை

காற்றாலைகளின் ஓசையை அளப்பதில் ஜெசிந்தாவுக்கு இருபது வருடப் பழக்கம். இசக்கியப்பன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து அவளிடம் தொழில் படித்தான். டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

ஆடி மாதம் சுடலையாண்டி என்பவர் கொடுத்த மனுவின் பேரில் அவர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தொழுவம். அதற்கும் பின்னால் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆலையை நிறுத்தணும்னு கேட்கிறீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"அது சுத்திட்டுப் போவட்டும், தாயி. எனக்கு ஒரு தாள் வேணும்."

"என்ன தாள்?"

"இந்த இரைச்சல்ல அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்காதுன்னு."

போன ஆடியில் ஒரு மதியம் அவருடைய மனைவியைத் தொழுவத்தில் பாம்பு கடித்தது. அவர் உள்ளே படுத்திருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் ஓடிவந்து பார்த்தபோது வாயில் நுரை தள்ளி உயிர் போயிருந்தது.

"மக கேட்டுட்டா. ரெண்டு வயல் தள்ளி நின்னவனுக்குக் கேட்டிருக்கு, உங்களுக்குக் கேக்கலையான்னு. அதோட எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கே தெரியலையே. கேட்டும் புரண்டு படுத்தேனோ என்னவோ."

அன்றைய காற்றின் வேகம் ஆலையின் பதிவில் இருந்தது. அதே காற்று மறுபடி வீசப் பதினோரு நாள் காத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதியம் வந்தது.

இசக்கியப்பன் ஒலிமானியைப் பார்த்துவிட்டு அவளைத் தனியே அழைத்தான்.

"நாப்பத்தி நாலு டெசிபல். இதுல குரல் அமுங்காது, டீச்சர். கூப்பிட்டா நல்லாக் கேட்கும்."

"கூப்பிட்டுப் பார்க்காம எப்படிச் சொல்றே? நீ உள்ளே உட்காரு. பெண் குரல்தானே வேணும், நான் தொழுவத்துக்குப் போறேன்."

பிறகு சுடலையாண்டியிடம் கேட்டாள்: "எப்படிக் கூப்பிடுவாங்க?"

"'வள்ளி அப்பா'ன்னு மக பேரைச் சொல்லித்தான். எம் பேரு சொல்ல மாட்டால்லா. கடைசியில கொஞ்சம் இழுப்பா." இழுத்துக் காட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஜன்னலருகே ஒரு ஒலிப்பதிவுக் கருவி, தொழுவத்தில் ஒரு கருவி. மூன்று பத்திலிருந்து மூன்று இருபதுக்குள் மூன்று முறை கூப்பிடுவதாக ஏற்பாடு. அன்று படுத்திருந்ததுபோலவே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் சுடலையாண்டி. இசக்கியப்பன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

கல்லில் ஈரத் துணியை அடிப்பதுபோல் இறக்கைகளின் சத்தம் வந்து வந்து போயிற்று. அவருடைய முதுகு அசையவில்லை. கால் விரல்கள் மட்டும் கட்டில் கயிற்றைப் பற்றிக்கொண்டிருந்தன.

மூன்று இருபதுக்கு ஜெசிந்தா உள்ளே வந்தாள்.

"கேட்டுச்சா?"

இசக்கியப்பன் குழம்பிப் போயிருந்தான். "இல்ல, டீச்சர்."

சுடலையாண்டி எழுந்து உட்கார்ந்தார். "எனக்கும் கேக்கல, தாயி. முழிச்சிட்டுத்தான் கிடந்தேன். கேக்கவே இல்லையே!" சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

ஜெசிந்தா அங்கேயே உட்கார்ந்து தாளில் எழுதி வாசித்துக் காட்டினாள். "மூன்று பத்து முதல் மூன்று இருபது வரை, இந்தக் காற்றில், வீட்டுக்குள் எந்தக் குரலும் கேட்கவில்லை."

"முத்திரை போடுவியள்லா? இல்லாட்டி மக நம்ப மாட்டா."

போட்டாள். அவர் தாளை மடக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று நல்ல சட்டையைத் தேடத் தொடங்கினார்.

ஜீப்பில் வரும்போது இசக்கியப்பன் தொழுவத்துக் கருவியின் பதிவைத் திறந்தான். பத்து நிமிடமும் இறக்கைகள். நடுவில் ஒருமுறை மாடு கத்தியது. வேறெதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டான்.

"நீங்க கூப்பிடவே இல்லையே, டீச்சர்."

அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"கூப்பிட்டிருந்தா, அவர் எந்திரிச்சு ஓடி வந்திருப்பாரு."