கடல் விசிறியில் ஒன்பதாம் நாள்

“அங்கே ஒன்றுமே இல்லை, மாஸ்டர்,” என்றார் ஞானசிகாமணி.

கடலிலிருந்து படகில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அன்று எட்டாவது நாள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. நெல்மணி அளவே இருக்கும் கடற்குதிரையைப் படம் எடுக்க இந்தத் தீவுக்கு வந்தவர். அவர் மாஸ்டர் என்று அழைத்த பிரிசில்லாவுக்கு முப்பத்து நான்கு. ஆட்களைக் கடலுக்கடியில் அழைத்துப்போவது அவள் தொழில்.

தினமும் அவரை அதே கடல் விசிறியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். செடி போலக் கிளைத்த சிவப்புப் பவளம் அது. பார்த்துப் பழகும்வரை கேமரா வேண்டாம், விளக்கு வேண்டாம், எதையும் தொட வேண்டாம் என்றாள். எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்டவும் மறுத்தாள்.

கடற்குதிரைகளைப் பிடித்து, உலர்த்தி விற்கிறவள் என்று டீக்கடையில் யாரோ அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் மறைக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

“ஏன் காட்ட மாட்டேங்கறீங்க?”

“போன வருஷம் ஒருத்தருக்குக் காட்டினேன். மறுநாள் அந்தக் கிளையே இல்ல.”

“என்னைச் சந்தேகப்படுறீங்களா?”

“ஆமா சார்.”



ஒன்பதாம் நாள் அவர் முக்குளிப்பு உடையின் கைப்பகுதிக்குள் ஒரு சிறிய டார்ச்சைச் செருகிக்கொண்டு இறங்கினார்.

விசிறியை நெருங்கியதும் பிரிசில்லா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முன்பு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

இதில் என்ன சூது என்று யோசித்தார். பிறகு டார்ச்சை எடுத்தார்.

வெளிச்சம் பட்டதும் கிளையில் ஒரு மொட்டு அசைந்தது.

மொட்டு அல்ல. விசிறியின் அதே சிவப்பு, உடம்பெங்கும் அதே முடிச்சுகள். வால் கிளையைச் சுற்றியிருந்தது. வயிறு புடைத்திருந்தது.

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் மறுபக்கம் வந்து வெளிச்சம் பிடித்தார். அது மீண்டும் திருப்பிக்கொண்டது.

இன்னும் நெருங்கினார். அவர் முழங்கை பட்டுக் கிளை அதிர்ந்தது. அது வாலை இறுக்கிக்கொண்டு, முகத்தைக் கிளைக்குள் புதைத்தது.

டார்ச்சை அணைத்தார்.

படகில் ஏறியதும், பார்த்துவிட்டதாகச் சொன்னார். டார்ச் கொண்டுபோனதையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. “டார்ச்சைப் பாத்துட்டுத்தான் திரும்பிக்கிட்டேன்,” என்றாள்.

“என்ன செஞ்சுது?”

“முகத்தைத் திருப்பிக்கிச்சு.”

“எத்தனை தடவை?”

அவர் தலைகுனிந்தார். “மூணு.”

“ஒரு தடவை சொன்னா உங்களுக்குப் புரியாதா சார்?”