ஒரு கல் குறைந்த குவியல்

முன்னொரு காலத்தில் நெய்தலங்கரை என்ற உப்பு விளையும் நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடி. ஒருநாள் அவனுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்துவிட்டது. "ஒருவன் நெட்டை என்கிறான், இன்னொருவன் குட்டை என்கிறான். எதை நம்புவது? சந்தேகமே வராத ஒரு மொழி வேண்டும்!"

அவைப்புலவர் நுண்மதிநாதர் ஆறே மாதத்தில் அப்படியொரு மொழியைச் செய்து முடித்தார். பெயர் தெளிமொழி. அதில் எல்லாச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. நாலு முழம் இருந்தால் நெட்டை, ஒரு விரற்கடை குறைந்தாலும் குட்டை. லட்சம் உப்புக்கல் இருந்தால் குவியல், குறைந்தால் வெறும் சிதறல். ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்று முதல் தீர்ப்பெல்லாம் தெளிமொழியில்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடலம்மன் தேருக்கு முன்னால், ஒவ்வொரு உப்பளக்காரரும் ஒரு குவியல் உப்பு காணிக்கை வைக்க வேண்டும். வைக்காதவருக்கு அடுத்த வருஷம் அளம் கிடையாது. பூமயில் என்ற உப்பளக்காரி வழக்கம்போலத் தன் குவியலைக் கொண்டுபோய் வைத்தாள். மற்றவர்கள் குவியலையெல்லாம் கண்ணால் பார்த்து அனுப்பிய நுண்மதிநாதர், அவளுடையதை மட்டும் ஒன்பது ஆட்களை வைத்து மூன்று நாள் எண்ண வைத்தார். பின்னே? போன வருஷத் திருவிழாவில் அவளுடைய வாய்ச்சாலகத்தைக் கேட்டுச் சிரித்த ராஜா, புலவரின் பாட்டைக் கேட்க மறந்துபோனான். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் அவையில் புலவர் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது கல். இது குவியல் அல்ல, சிதறல். இவள் அளத்தைப் பறிக்க வேண்டியதுதான்."

பூமயிலுக்கு அது அப்பன் காலத்து அளம். அது போனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"புலவரய்யா, ஒரு கல்லைப் போட்டா குவியலாயிடுமா?"

"ஆகும். ஆனால் காணிக்கை வைக்கும் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது."

"அடேயப்பா, அந்த ஒத்தைக் கல்லுக்கு அவ்வளவு மகிமையா! சரி, உங்க மொழியில வழுக்கைக்கும் கணக்கு உண்டா?"

புலவருக்குப் பெருமை தலைக்கேறியது. "ஏன் இல்லை? பத்தாயிரம் முடிக்குக் குறைந்தால் வழுக்கை."

"காலையில சீவும்போது ஒரு முடி உதிர்ந்து கணக்குக் குறைஞ்சிட்டா?"

"சீவும் முன் வழுக்கையல்ல. சீவிய பின் வழுக்கை. இதிலென்ன சந்தேகம்?"

அவையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்றால், வழுக்கை விழுந்த ராஜா கடலம்மன் தேர்வடத்தைத் தொடக் கூடாது என்பதும் அந்த நாட்டு வழக்கம். நாளை தேர். ராஜாவோ கொஞ்ச நாளாகக் காதோர முடியை மேலே இழுத்து வாரி, கிரீடத்தைக் கழற்றாமலே நடமாடிக்கொண்டிருந்தான். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறந்ததில்லை. ராஜாவின் கை தானாகக் கிரீடத்துக்குப் போயிற்று.

பூமயில் கைகூப்பினாள். "அப்ப, என் கல்லை எண்ணின ஆளுங்க இங்கேதானே இருக்காங்க? நாளைக்குத் தேராச்சே, மகாராஜா தலையையும் எண்ணிப்புடுங்க சாமி."

"நுண்மதிநாதரே," என்றான் ராஜா மெல்ல, "எண்ணப் போகிறீரா?"

புலவர் அவசரமாகக் கைகளை ஆட்டினார். "ஐயையோ, எதற்கு மகாராஜா? தங்களுக்கு வழுக்கை இல்லை என்பதுதான் பார்த்தாலே தெரிகிறதே!"

"பார்த்தாலே தெரியும்னா, என் குவியலும் பார்த்தாலே தெரியுமே சாமி!" என்றாள் பூமயில்.

ராஜா ஒரு கணம் முறைத்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், கிரீடமே சாய்ந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவனுக்குப் பழைய சந்தேகம் திரும்ப வந்தது. "அதிருக்கட்டும். எண்ணாமல் நீங்கள் எப்படித்தான் தீர்மானிக்கிறீர்கள்?"

"அளத்துல யாரும் 'பெரிசு'ன்னு மொட்டையாச் சொல்ல மாட்டோம் மகாராஜா. சொன்னா, எதைவிடன்னு கேப்போம். வீட்டுக்கு ஒரு குவியல், அம்மனுக்கு ஒரு குவியல், பக்கத்துல பக்கத்துல குவிப்போம். அம்மனுது வீட்டுதைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஒரு கல்லு முன்னப்பின்ன இருந்தா அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

ராஜா அவள் வீட்டு உப்பைக் கொண்டுவரச் சொல்லி, அவையிலேயே இரண்டையும் பக்கத்தில் குவிக்க வைத்தான். அம்மன் குவியல் முழங்கால் உயரம். வீட்டுக் குவியல் கணுக்காலைத் தாண்டவில்லை. பெரும்பங்கை அம்மனுக்கு வைத்துவிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பூமயிலுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

"அளம் உனக்கே. உன் பிள்ளைகள் காலத்துக்கும் உங்களுக்கே," என்றான் ராஜா. "புலவரே, இனி தெளிமொழியில் இந்த மாதிரிச் சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'எதைவிட' என்று எழுதும். அதற்கு முன்னால், எண்ணிய கல் அத்தனையையும் நீரே தலையில் சுமந்து கோயிலில் கொண்டுபோய்க் கொட்டும்."

புலவர் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடிப் புறப்பட்டார். ராஜா பூமயிலைப் பார்த்து, "நீ கெட்டிக்காரி!" என்றான்.

"யாரைவிட, மகாராஜா?"

ராஜா வாசலைப் பார்த்தான். கூடைக்கடியில் புலவரின் நடை சட்டென்று நின்றது.

"என்னைவிட," என்றான் ராஜா, கிரீடத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே.