குழாய் முடியும் இடம்

மலைச் சரிவில் இருந்தது அந்த ஆசிரமம். ஒரு ஓட்டு வீடு, பின்னால் சமையலறை, அவ்வளவுதான். தையல்நாயகி அம்மையாருக்கு அப்போது நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபது தாண்டியிருந்தது. ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எது கெட்டாலும் தானே சரிசெய்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலை சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. சோற்றுப் பருக்கைகள் மிதக்க விளிம்புவரை நின்றது.

மாசிலாமணி ரப்பர் பம்பை வைத்து அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடியில் வாளியை வைத்துவிட்டு வளைந்த குழாயைக் கழற்றினார். கறிவேப்பிலை, டீத்தூள், உறைந்த எண்ணெய்க் கசடு. வழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினார். கொஞ்சம் தண்ணீர் இறங்கியது, பிறகு மேலே வந்தது. சோடா உப்பைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் நீளக் கம்பியை உள்ளே விட்டார். வெகுதூரம் போய், மெத்தென்று எதிலோ முட்டி நின்றது.

அம்மையாரிடம் போனார்.

"அம்மா, அடைப்பு இங்க இல்ல. கீழ எங்கயோ இருக்கு."

"குழாய் எங்க போய் முடியுது?"

"காட்டுலதான், எங்கயாவது."

"போய்ப் பாத்தீங்களா?"

"ஒரே முள்ளா இருக்கும்மா. ஆசிட் ஊத்தினா தானா கரைஞ்சுடும்."

"போய்ப் பாருங்க ஐயா."

சரி என்று தலையாட்டினார். போகவில்லை.

கடைக்குப் போய் ஆசிட் வாங்கி வந்து பாட்டிலோடு கவிழ்த்தார். சற்றுப் பொறுத்துக் கம்பியால் ஓங்கி ஓங்கிக் குத்தினார். உள்ளே ஏதோ பிடி விட்டது. தேங்கிய தண்ணீர் கடகடவென்று சுழன்று இறங்கியது. மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் கீழேயிருந்து அலறல் கேட்டது.

அவர் முள்ளை விலக்கிக்கொண்டு இறங்கிப் போவதற்குள் அம்மையார் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதன் அடுப்புக்கு நேர் மேலே குழாயின் வாய். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பவுனம்மா தரையில் கிடந்தாள். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று. அம்மையார் அவள் தலையை மடியில் சாய்த்து, வலது கண்ணில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சாக்கு ஆடுச்சும்மா... பிச்சுக்கிட்டு வந்துடப் போவுதுன்னு குனிஞ்சு அமுக்கினேன்."

"நீயா அடைச்சே?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க எச்சித் தண்ணி எங்க அடுப்புல வந்து நிக்குது. மேல வந்து சொன்னேன். இந்தப் பெரியவருதான், பாத்துக்கலாம் போம்மான்னாரு."

மாசிலாமணிக்கு அந்த முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணுக்கு இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார். "அம்மா, நான் வேணும்னு செய்யல. குழாய் அங்கதான் முடியுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சதும் பாவமா?"

அம்மையார் நேராகக் கொட்டகைக்கு இறங்கினார். அந்தச் சாக்கை எடுத்துச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தார். சொட்டுத் தண்ணீர் வராதபடி கல்லால் அடித்து இறுக்கினார். பிறகு மேலே வந்து, காலையில் போட்டது போட்டபடி கிடந்த பாத்திரங்களைச் சிங்க்கில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

சிங்க் நிரம்பியது. எண்ணெயும் சாம்பாரும் கலந்த தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து, தரையில் பரவி, மாசிலாமணியின் காலைத் தொட்டது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"அம்மா, தண்ணி வீட்டுக்குள்ள வருது."

"வரட்டும் ஐயா. நம்ம தண்ணிதானே."